மலையில் பேர் சொல்லிக் கூப்பிட்ட நாள்

1952 பிப்ரவரி 10, பூதப்பாண்டி

தாலுக்கா ஆபீசில் இவருக்குக் கொடுத்த டைரி இது. எனக்கு எழுத ஒன்றுமில்லை, நீ பால்கணக்கு எழுது என்று என் மடியில் போட்டார். பால்கணக்குக்கு அடுக்களைச் சுவரில் கரிக்கோடு போதும். இது எனக்கு இருக்கட்டும். ஏழாம் வகுப்பு வரை படித்ததற்கு இதுவாவது மிஞ்சட்டும்.

எலெக்‌ஷன் சோலி எல்லாம் ஓய்ந்து இவர் மனுஷனாக வீட்டுக்கு வந்திருக்கிறார். கும்பப்பூ அறுப்பு முடிந்ததும் பிள்ளைகளோடு எல்லாரும் மலைக்குப் போகலாம் என்கிறார். கீரிப்பாறை வழியாகக் காளிகேசம், அங்கிருந்து மேலே புல்மேடு வரை. மலைதான் முற்றத்தில் நின்றால் தெரிகிறதே, அதற்குள் போய் என்னத்தைப் பார்க்க என்று கேட்டேன். நாயகிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முற்றத்துல நின்னா கடைகூடத்தான் தெரியுது மயினி. பலகாரம் வாயில வந்து விழுதா?" என்றாள். வாயாடி.

நாயகி இவருடைய ஒரே தங்கை. முழுப்பேர் அழகியநாயகி. தாழக்குடியில் கட்டிக்கொடுத்தது. ஒரு வருஷம் ஆகும் முன்னே அந்த மகராசன் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அழவும் இல்லை. அப்போதிலிருந்து எங்களோடுதான். மற்ற வீடுகளில் மயினியும் நாத்தனாரும் அடுப்பைப் பிரித்துக் கட்டுவார்கள். நாங்கள் ஒரே வெற்றிலையைக் கிள்ளித் தின்போம். இவருக்கு அதில் கொஞ்சம் பொறாமை.

மாமனார் கீரிப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். நாயகி பெரியவளாகும் வரை அங்கேதான் வளர்ந்தாள். இவரைப் படிப்புக்காக நாகர்கோவிலில் மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். ஆகவே இந்த வீட்டில் மலை தெரிந்த ஆள் அவள் மட்டும்தான். இவர் கெட்டிக்காரத்தனமாகப் பேசுவதெல்லாம் சும்மா.

பிப்ரவரி 24

நாயகி பிள்ளைகளுக்கு மலைப்பாடம் நடத்துகிறாள். வடிவுக்கு ஏழு வயது, எதைச் சொன்னாலும் கண்ணை விரித்துக்கொண்டு கேட்பாள். சின்னவன் குமாருக்கு வாயில் முறுக்கு இருந்தால் போதும்.

மலைக்குள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாதாம். அங்கே இருக்கிறவள் அந்தப் பேரைப் பிடித்துக்கொள்வாளாம். பிறகு அம்மை குரலிலும் அப்பா குரலிலும் கூப்பிடுவாளாம். அப்படிப் பேர் சொல்லிக் குரல் வந்தால் விளி கேட்டு என்ன என்று குரல் கொடுக்கக்கூடாது, இருந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. நம் ஆள் என்றால் மூன்று தரம் கூவுவார்கள். ஒரு தரம் திருப்பிக் கூவ வேண்டும். எஸ்டேட்டில் எல்லாரும் அப்படித்தானாம். விறகுக்குப் போகிறவர்கள் வீட்டுக்காரியைக்கூடக் கூவித்தான் கூப்பிடுவார்களாம்.

"ஏட்டி, என் குரலை எவ எடுத்துக்கிடுவா? எனக்கே அது வேண்டாம்" என்றேன். நாயகி அதற்கும் சிரித்தாள். ஆனால் பிள்ளைகளைப் பார்த்து மறுபடியும் அதையே சொன்னாள், சிரிக்காமல்.

சாயங்காலம் முழுக்க முற்றத்தில் ஒரே கூவல். எதிர்வீட்டுக்காரி வந்து, என்ன பிள்ளே, உங்க வீட்டுல ஆந்தை வளக்குதியளா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 8

நாளைக்கு. புளிச்சோறு கிளறி வாழையிலையில் கட்டியாயிற்று. எள்ளுத்துவையல், ஏத்தங்காய் சீவி வறுத்த உப்பேரி. அட்டைக் கடிக்கு உப்பும் புகையிலையும் சேர்த்து நாயகி கிழி கட்டி வைத்திருக்கிறாள். இவரோடு ஆபீசில் வேலை பார்க்கும் ஜஸ்டஸும் அவர் வீட்டுக்காரி நேசபாயும் வருகிறார்கள். நேசபாய் நெய்யூர்க்காரி, நல்ல மனசு. கீரிப்பாறையில் ஞானதாசன் என்று ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரர், மாமனாரைத் தெரிந்தவர், வழி காட்ட வருவாராம். எனக்கும் ஆசை வந்துவிட்டது. வெளியில் சொல்லவில்லை.

மார்ச் 11

எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

போனது வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தடிக்காரன்கோணத்தில் பஸ் இறங்கி, ரப்பர் மரங்களுக்குள்ளே நடந்து, காளிகேசத்தில் அம்மனுக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு மேலே ஏறினோம். குமாரை இவரும் ஜஸ்டஸும் மாறி மாறித் தோளில் சுமந்தார்கள். வடிவு ஒரு இடத்தில்கூடக் கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை. நாயகி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னாலே போனாள். அவள் நடையே வேறாக இருந்தது. வீட்டில் இத்தனை நாள் பார்த்த நாயகி இல்லை அது. இவளை இந்தச் சுவருக்குள் வைத்துக்கொண்டு அம்மி அரைக்க விட்டிருக்கிறோமே என்றுகூட நினைத்தேன். நினைத்தேன், அது சத்தியம்.

ஓடைக்கரையில் சோறு தின்றோம். நாயகி பாத்திரம் தேய்க்க ஓடையில் கொஞ்சம் கீழே இறங்கிப் போனாள். எனக்கு முதுகு முறிந்து போயிருந்தது, குமார் வேறு மடியில் உறங்குகிறான். வடிவு வந்து, மரத்தில் பெரிய அணில் இருக்கிறது வா, வா என்று முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சவம், கொஞ்சம் சாய விடமாட்டியா, போய் அத்தைகூட இரி என்றேன். போனாள். நாயகி பாத்திரத்தோடு வந்தபோது வடிவு அவளோடு இல்லை.

நான்தான் போ என்றேன். நான்தான்.

வடிவூ, வடிவூ என்று கத்திக்கொண்டு கரையெல்லாம் ஓடினேன். இவரும் கத்தினார், ஜஸ்டஸும் நேசபாயும் கத்தினார்கள். ஞானதாசன் ஓடையோடு கீழே தேட இறங்கிவிட்டார். நாயகி என் பின்னாலேயே ஓடிவந்து, மயினி, பேரு சொல்லாத, பிள்ளை பேசாது, கூவணும் என்றாள். கையை வாயில் குவித்து ஒரு தரம் கூவியும் விட்டாள். நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். என் பிள்ளையைக் காணோம், நீ நரி மாதிரி ஊளையிடுகிறாயா என்றேன். அவள் பிறகு கூவவில்லை. நான் சொன்னதற்காகக் கூவாமல் இருந்தாள்.

வெயில் மரத்து உச்சிக்குப் போய்விட்டது. பொழுது சாய்ந்தால் ஆனை தண்ணிக்கு இறங்கும், அதற்குள் கிடைக்க வேண்டும் என்று ஞானதாசன் திரும்பி வந்து இவரிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. காளியாத்தா, என் உசிரை எடுத்துக்கோ என்று மண்ணில் விழுந்து கும்பிட்டேன். அப்போது நாயகி யாரையும் கேட்காமல் ஓடைக்கு மேலே உள்ள பாறையில் ஏறினாள். மூன்று தரம் கூவினாள். உடனே, உடனேதான், எங்கிருந்தோ ஒரு சின்னக் கூவல் வந்தது.

அணிலைப் பார்த்துக்கொண்டே போய் வழி தவறி, பாறை இடுக்கில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள் என் பிள்ளை. ஒரு சிராய்ப்பு இல்லை. இத்தனை நேரமும் நான் கத்தியது கேட்டதா என்றேன். கேட்டுச்சு என்றாள். பின்னே ஏன் பேசல்லே? அத்தை சொன்னாவ, பேரு சொல்லிக் கூப்பிட்டா விளி கேக்கக் கூடாதுன்னு.

அந்த நிமிஷம் எனக்குத் தலைக்குள் என்ன ஏறியது என்று தெரியவில்லை. பயம்தான் அப்படித் திரும்பியதா? போ என்று அனுப்பியது நான் என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என்று முந்திக்கொண்டேனா? நாயகி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே வருகிறாள். அவள் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினேன்.

"பெத்தவளுக்குத்தாண்டி தெரியும். வாழாவெட்டிக்கு என்ன தெரியும்" என்றேன்.

ஜஸ்டஸ் இருந்தார். நேசபாய் இருந்தாள். ஞானதாசன் தலையைக் குனிந்துகொண்டார். இவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இதில் எழுதமாட்டேன். நாயகி அழுகையை நிறுத்திவிட்டாள். பாத்திரக் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மார்ச் 13

நாயகி இரணியலுக்குப் போனாள். சித்திக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று இவரிடம் சொன்னாள். என்னிடமும் சொல்லிக்கொண்டுதான் போனாள். போயிட்டு வா என்றேன், முறத்தில் இருந்து கண்ணை எடுக்காமல். எனக்கும் வீம்பு. ஒரு வாரம் இருந்துவிட்டு வரட்டும், வந்தால் சரியாகிவிடும்.

மார்ச் 19

இன்றைக்கு வடிவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவளாகவே பேச்சை எடுத்தாள். அம்மா, நீ ஏன் அண்ணைக்குக் குழிக்குள்ள போய் நின்னு கூப்பிட்ட என்றாள்.

எந்தக் குழி? நான் குழிக்குள் போகவில்லையே, கரைமேலேதானே நின்றேன் என்றேன். இல்லை, நீ கீழேருந்துதான் கூப்பிட்ட, நான் வரலாம்னு எந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சேன், அப்புறம் அத்தை சொன்னது ஞாபகம் வந்து திரும்பப் போய் இருந்துட்டேன் என்றாள்.

எண்ணெய்க் கிண்ணம் அப்படியே இருக்கிறது.

மார்ச் 24

நேற்று இவர் தனியாக மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஞானதாசனை நாங்கள் அன்றைக்கு நின்ற இடத்தில் நிற்கவைத்துக் கத்தச் சொல்லிவிட்டு, பிள்ளை இருந்த இடுக்கில் இவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஞானதாசன் சத்தம் எதிர்ப்பாறையில் முட்டிக் கீழே பள்ளத்துக்குள்ளிருந்துதான் வருகிறதாம். இடுக்குக்கு முன்னால் கொஞ்சம் பாசி பிடித்த பாறை. அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லையாம். கல்லைப் போட்டேன், விழுந்த சத்தம் வரவில்லை என்றார். கால் கழுவப் போனார்.

என் குரல்தான் என் பிள்ளையை அங்கே கூப்பிட்டிருக்கிறது. அதைப் போகவிடாமல் இருத்தினது நாயகி சொன்ன சொல். நான் அவளை என்ன சொன்னேன்? தாயே, என் நாக்கில் கொள்ளி வைக்கணும்.

ஏப்ரல் 6

இவர் இரணியல் போய் வந்தார். எல்லாவற்றையும் சொன்னாராம், பாறையையும் பள்ளத்தையும். நாயகி கேட்டுவிட்டு, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலேல்லா, அது போதும் என்றாளாம். கூட வா என்றதற்கு, சித்திக்குக் கொஞ்சம் தேறட்டும் என்றாளாம். சித்திக்கு என்ன கேடு? நேரே சந்தைக்குப் போய் மீன்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததை இவரே பார்த்திருக்கிறார்.

நீயும் வந்திருக்கலாம் என்று இவர் சொல்லவில்லை. சொன்னால்கூடத் தேவலை.

ஏப்ரல் 20

வெற்றிலை வாங்கினேன். தின்னப் பிடிக்கவில்லை.

ஜூன் 2

நேசபாய் வந்தாள். சுற்றி வளைத்து, சுற்றி வளைத்து, கடைசியில் சொன்னாள். நாயகி நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சு வேலை படிக்கச் சேர்ந்துவிட்டாளாம். நேசபாயின் அண்ணன் அங்கே கம்பவுண்டர். நாயகியே போய்க் கேட்டிருக்கிறாள்.

சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. இவருடைய பெரியப்பா வந்து குதித்தார். நம்ம வீட்டுப் பெண் கண்டவன் புண்ணைக் கழுவவா, நாளைக்கு வேதத்தில் சேர்த்துச் சர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், நீயெல்லாம் ஒரு அண்ணனா என்று இவரைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் யார் புண்ணைக் கழுவினாலும் நம்ம வாயைவிட அது சுத்தம்தான் என்று சொல்லிவிட்டேன். பெரியவர் துண்டை உதறிக்கொண்டு போனார். அவர் பேசினது போலத்தானே நானும் பேசினேன்? அவருக்குப் பதில் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

1953 ஜனவரி 18

நெய்யூர் போனேன். தனியாகத்தான். உப்பேரியும் ஒரு கண்டாங்கிச் சேலையும் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவள் என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

நாயகி வெள்ளைச் சேலையில் வந்தாள். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள், ஆனால் முகத்தில் ஒரு தெளிச்சம். வாருங்க மயினி என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். வடிவு படிக்கிறாளா, குமாருக்கு மாந்தம் விட்டதா, செவலைப் பசு கன்று போட்டதா என்று எல்லாவற்றையும் கேட்டாள். காப்பி வாங்கித் தந்தாள். நான் சொல்ல வாயைத் திறந்தபோது வராந்தாவில் யாரோ ஒரு கிழவர், சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிட்டார். இந்தா வாறேன் என்று போனவள் திரும்பி வரும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சேலையை வாங்கிக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள். அதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் காலைப் பிடித்திருப்பேன்.

அக்டோபர் 30

மழை. மலை தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது.

1954 ஆகஸ்ட் 14

தமிழ்நாட்டோடு சேரக் கேட்டு, நெய்யூருக்குப் பக்கத்துத் தக்கலையில் கலவரம். பஸ் ஓடவில்லை, இவருக்கு ஆபீசும் சரியாக இல்லை. நாயகி எப்படி இருக்கிறாளோ என்று இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நேசபாய் வழியாகச் சேதி வந்தது, சுகமாக இருக்கிறாளாம். நாங்கள் சுகமா என்றும் கேட்டு அனுப்பியிருக்கிறாள்.

1955 மே 9

வடிவு லீவுக்கு அத்தையிடம் போய் இருந்துவிட்டு வந்தாள். தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னிக்கொண்டு வந்திருக்கிறாள். சாப்பிடும் முன்னே நகத்தைக் காட்டு என்று குமாரை மிரட்டுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன்.

1956 பிப்ரவரி 19

இவர் நெய்யூரிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தார். நாயகிக்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிறு ஓய்வாம். கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் மலை பார்த்ததில்லையாம். வடிவையும் குமாரையும் கூட்டிக்கொண்டு புல்மேட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாள். மயினியும் வருவாங்களா கேளுங்க என்றாளாம்.

வருவேன் என்று சொல்லிவிட்டேன். முட்டு வலிக்கிறதே என்றார் இவர். வலிக்கட்டும்.

மார்ச் 5

நேற்றுப் போய் வந்தோம்.

வடிவு அத்தையைப் போலவே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். அந்த இரண்டு பெண்களும் அட்டையைக் கண்டு துள்ளின துள்ளலில் இவர்கூடச் சிரித்துவிட்டார். ஓடைக்கரையில் நாங்கள் நிற்கவில்லை. இவர்தான், கொஞ்சம் மேலே போய்ச் சாப்பிடலாம் என்று தள்ளிக்கொண்டு போனார். ஏற்றத்தில் என் முட்டு மடங்க மறுத்தது. நாயகி எல்லாரையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு என்னோடு பின்தங்கினாள். பைய வாங்க, ஒரு அவசரமும் இல்ல என்று என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எத்தனை பேரை அப்படித் தாங்கியிருப்பாளோ. எனக்கும் அப்படித்தான்.

புல்மேட்டில் காற்று ஆளைத் தள்ளியது. தெற்கே கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. பிள்ளைகள் அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள். நான் புல்லில் உட்கார்ந்துகொண்டு, இனி எந்தக் கிழவரும் கூப்பிட மாட்டார் என்று தைரியம் செய்துகொண்டு சொன்னேன். நாயகி, அண்ணைக்கு நான் சொன்ன சொல்லுக்கு என்னை மன்னிச்சிரு, போ போன்னு பிள்ளையை விரட்டுனதே நான்தான், பழியைத் தூக்கி உன் தலையில போட்டுட்டேன் என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"அந்தச் சொல்லை ஊரே என்னைச் சொல்லிச்சு மயினி. எனக்கு அது மழை மாதிரி. நம்ம வீட்டுக்குள்ள மட்டுந்தான் நனையாம இருந்தேன்."

என்மேலே இன்னும் கோவமா நாயகி என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கோவம் இல்ல மயினி. கோவம் இருந்திருந்தா சண்டை போட்டுட்டுத் திரும்பி வந்திருப்பேன்" என்றாள்.

முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். நல்ல மனசோடுதான் துடைத்தாள். பிள்ளைகள் பசிக்கிறது என்று வந்தார்கள். கட்டுச்சோற்றைப் பிரித்தோம். என் புளிச்சோறு ருசி வேறு யாருக்கும் வராது என்று அந்தப் பெண்களிடம் பெருமையாகச் சொன்னாள். நானும் பரிமாறினேன்.

தடிக்காரன்கோணத்தில் இன்றைக்கு மட்டும் வீட்டில் தங்கிவிட்டுப் போயேன் என்றேன். காலையில் வார்டில் சோலி இருக்கிறது என்றாள். பஸ் நகரும்போது ஜன்னலுக்குள்ளிருந்து வடிவின் பின்னலைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். என்னைப் பார்த்தும் சிரித்தாள்.

மார்ச் 6

முட்டு வீக்கம். இவர் தைலம் தேய்த்துவிட்டார். என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன். தேய்த்துக்கொண்டிருந்த கை கொஞ்சம் நின்றது, பிறகு தேய்த்தார்.

செப்டம்பர் 16

கன்னிப்பூ அறுப்பு முடிந்தது. இந்தத் தரம் நல்ல விளைச்சல். பத்தாயம் நிறைந்து, கூடத்திலும் மூட்டை ஏறிவிட்டது. மழை வேறு வரும்போல் இருக்கிறது. மிச்சத்தை எங்கே போட என்று இவர் கேட்டார். கேட்டுவிட்டு மேற்குப் பக்கத்து அறையைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்தார்.

நாயகி படுத்திருந்த அறை அது. அவள் போனதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் தூத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு வெங்காயக் கூடை வைக்கக்கூட நான் யாரையும் விட்டதில்லை.

அங்கேயே போடுங்க என்றேன். கட்டிலை இவரும் நானும் பிடித்து வெளியே எடுத்துப் போட்டோம். வடிவு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, நெல் அள்ள ஒரு கடவப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். சாயங்காலத்துக்குள் ஜன்னல் மட்டம் வரை நெல் வந்துவிட்டது.